நூற்றுப் பதினோராம் இடம்

கடலூர், சிதம்பரம் ஆகிய இரண்டு ஊர்களின் வரலாற்றைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். 1781-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சிதம்பரம் கோயிலின் மதில்களுக்குள் ஹைதர் அலியின் காவற்படை தங்கியிருந்தது. ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் அதனைத் தாக்கினார். உள்ளேயிருந்தவர்கள் அத்தாக்குதலை முறியடித்தனர். இரண்டாண்டு கழித்து, 1783-இல், கடலூர் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. ஆங்கிலப் படை அதனை முற்றுகையிட்டது. கடலில் இரு நாட்டுக் கப்பற்படைகளும் மோதின. ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்த பின்னரே போர் ஓய்ந்தது. இவற்றைக் கூறும் நூல்களில் கூட், ஹைதர், புஸ்ஸி, சுஃப்ரேன் ஆகிய பெயர்கள் வருகின்றன. மதிலின்மேல் நின்று தாக்குதலைத் தாங்கியவன் பெயர் வருவதில்லை. ஆனால் அவன் நின்றதனால்தான் அம்மதில் நின்றது.

விளையாட்டின் வரலாறும் பெரும்பாலும் இவ்வாறே எழுதப்பட்டு வருகிறது. விம்பிள்டனில் வெற்றி பெற்றவர் யார் என்று கேட்டால் பலரும் விடை கூறுவர். அதன் முதற் சுற்றில் ஆடிய 128 பேரில் ஏனையோர் யாவர்? அந்த 128 பேருள்ளும் சேர முடியாமல் வாயிலளவில் நின்றவர் யாவர்? இன்று அவ்வாறு வாயிலில் நின்ற ஒருவருடைய ஆட்ட வாழ்வை நாம் ஆராய்வோம். அவர் 1994-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த இராம்குமார் இராமநாதன். ஆடவர் ஒற்றையர் ஆட்டத்தின் உலகத் தரவரிசையில் அவர் எட்டிய மிக உயர்ந்த இடம் 111. இந்த எண்ணின் பொருளை அறிய வேண்டுமாயின், டென்னிஸ் வளர்ந்த வரலாற்றையும், அதில் பிரெஞ்சு நாடும் நம் நாடும் பெற்ற இடத்தையும் முதலில் சிறிது அறிதல் வேண்டும்.

டென்னிஸ் என்னும் பெயரே பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. பந்தை அடிக்குமுன் எதிரே நிற்பவரை நோக்கி, 'இதோ, பெற்றுக்கொள்க' என்னும் பொருளில் கூறும் 'தெனே' என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். நான்கு சுவர்களுக்குள் ஆடப்பட்ட அப்பழைய ஆட்டம் பிரெஞ்சு அரசர்களும் பிரபுக்களும் விரும்பியது. 1789-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், வெர்சேல்ஸ் நகரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வரலாற்றுப் புகழ் பெற்ற உறுதிமொழியை எடுத்துக்கொண்ட இடமும் அத்தகைய ஓர் ஆட்டக்கூடமே. புல்தரையில் ஆடும் இன்றைய ஆட்டத்திற்கு 1874-இல் இங்கிலாந்தில் விங்ஃபீல்டு என்ற படை அதிகாரி காப்புரிமை பெற்றார். 1877-இல் விம்பிள்டன் பந்தயம் தொடங்கியது. ஆங்கில ஆட்சியோடு ஆட்டமும் நம் நாட்டுக்கு வந்தது.

1921-ஆம் ஆண்டு இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பைப் போட்டியில் கலந்துகொண்டது. அதன் முதல் எதிரி பிரான்சு; ஆடிய இடம் பாரிசு. அப்போட்டியில் இந்தியா நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் பிரான்சை வென்றது. ஆனால், அதன் பின்னர் ஒரே தலைமுறைக்குள் பிரான்சு எங்கோ உயர்ந்துவிட்டது. 1927-இல் லக்கோஸ்த், கோஷே, போரோத்ரா, புருஞோன் என்னும் நால்வர் டேவிஸ் கோப்பையைப் பிரான்சுக்குக் கொண்டு வந்தனர். மறு ஆண்டு அக்கோப்பையைத் தம் மண்ணில் காக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அதற்காகப் பாரிசில் ஒரு புதிய ஆட்ட அரங்கு கட்டப்பெற்றது. முதல் உலகப் போரில் உயிரிழந்த விமானி ரோலான் கரோஸின் பெயரை அதற்குச் சூட்டினர். இன்று உலகின் நான்கு பெரும் பந்தயங்களுள் ஒன்று அங்கேதான் நடைபெறுகிறது. நால்வர் ஈட்டிய வெற்றி ஓர் அரங்கமாகவும், அவ்வரங்கம் ஒரு நிலையான வருவாயாகவும், அவ்வருவாய் பல சிறு பந்தயங்களாகவும் பயிற்சிக்கூடங்களாகவும் மாறியது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்கு இதுவே திறவுகோல்.

நம் நாட்டிலும் பெருவீரர்கள் தோன்றாமல் இல்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த இராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். 1960-இலும் 1961-இலும் ஆடவர் அரையிறுதி வரை சென்றார். 1966-இல் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்கு இந்தியா சென்றது. அவ்வணியிலும் அவர் இருந்தார். அக்காலத்தில் பெரும் பந்தயங்களில் ஆடியோர் ஊதியம் பெறாத ஆட்டக்காரர்கள். இன்னாருக்கு இன்ன இடம் என்பதைப் பத்திரிகை ஆசிரியர்களும் பந்தயக் குழுவினரும் தம் மதிப்பீட்டால் கூறினர். 1968-இல் இம்முறை மாறியது. தொழில்முறை ஆட்டக்காரரும் பெரும் பந்தயங்களில் ஆடலாம் என்ற புதிய விதியின்கீழ் நடந்த முதற் பெரும் பந்தயம் அவ்வாண்டின் பிரெஞ்சுப் பந்தயமே. 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் ஆடவருக்கான முதல் கணினித் தரவரிசை வெளிவந்தது. அன்று முதல் ஒவ்வோர் ஆட்டக்காரரின் தலைமேலும் ஓர் எண் எழுதப்பட்டுவிட்டது.

அவ்வெண் எவ்வாறு பிறக்கிறது? ஒவ்வொரு பந்தயத்திலும் எந்தச் சுற்று வரை வென்றார் என்பதைப் பொறுத்து ஒருவர் புள்ளிகள் பெறுகிறார். பெரும் பந்தயங்களில் புள்ளி மிகுதி. சிறு பந்தயங்களில் குறைவு. ஆனால் பெற்ற புள்ளி என்றும் நிலைப்பதில்லை. 52 வாரங்கள் கழிந்தால் அது கணக்கிலிருந்து நீங்கிவிடும். சென்ற ஆண்டு இதே வாரத்தில் ஈட்டியதை இவ்வாண்டும் ஈட்டினால்தான் இருந்த இடத்தில் இருக்கலாம். ஆற்றின் ஓட்டத்திற்கு எதிரே நீந்துபவன் கையை நிறுத்தினால், நின்ற இடத்திலா நிற்பான்? பின்னேதான் செல்வான். தொழில்முறை ஆட்டக்காரரின் நிலையும் அதுவே. ஆதலின் தரவரிசை எண் என்பது ஒருவருடைய திறமையின் முழு அளவு அன்று. கடந்த ஓராண்டில் அவருக்குக் கிட்டிய வாய்ப்பு, உடல்நலம், வெற்றி ஆகியவற்றின் கூட்டுத்தொகையே அது.

இவ்வெண் ஒருவரை எவ்வளவு சரியாக, எவ்வளவு தவறாகக் காட்டும் என்பதற்குப் பிரெஞ்சு நாட்டு ஆட்டக்காரர் ஒருவர் சான்றாவார். 2010-ஆம் ஆண்டு விம்பிள்டனுக்கு வந்தபோது நிக்கோலா மகூவின் இடம் 148. அந்த இடத்தில் இருப்பவர் நேரே பந்தயத்தில் நுழைய இயலாது. தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்கள் வெல்ல வேண்டும். அவற்றுள் ஓர் ஆட்டத்தின் கடைசிச் செட்டை அவர் 24-22 என்ற கணக்கில் வென்றார். இதுவே ஓர் அதிசயம் என்று எண்ணியவர்களுக்கு அடுத்த வாரம் காத்திருந்தது. முதற் சுற்றில் அமெரிக்கர் ஜான் இஸ்னரோடு அவர் ஆடிய ஆட்டம் மூன்று நாட்கள் நீடித்தது. மொத்தம் 11 மணி 5 நிமிடம். கடைசிச் செட்டின் கணக்கு 70-68. மகூ தோற்றார். டென்னிஸ் வரலாற்றின் மிக நீண்ட ஆட்டம் அதுவே. விம்பிள்டனில் அவ்வாட்டம் நடந்த களத்தின் அருகே அதனை நினைவுகூரும் பலகை ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய நெடிய ஆட்டங்கள் ஏற்படுத்திய விவாதத்தின் முடிவில், கடைசிச் செட்டிற்கும் ஓர் எல்லை வகுக்கும் விதி 2022-இல் நான்கு பெரும் பந்தயங்களுக்கும் பொதுவாயிற்று. அந்த மகூவே 2016-இல் இரட்டையர் ஆட்டத்தில் உலகின் முதலிடத்தை அடைந்தார். 148 என்ற எண்ணை மட்டும் கண்டவர் இவற்றுள் எதனை முன்னறிந்திருக்க முடியும்?

இனி, நம் இராம்குமாரிடம் வருவோம். சென்னையில் ஆடத் தொடங்கிய அவர், இளமையிலேயே ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவுக்குச் சென்று அங்குள்ள சான்செஸ் காசல் பயிற்சிக்கூடத்தில் பயின்றார். வேகமாகப் பந்தைத் தொடங்கி, உடனே வலையை நோக்கி விரைந்து, பந்து தரையில் படுமுன் அடித்து முடிக்கும் பழைய ஆட்டமுறை அவருடையது. களத்தின் பின்கோட்டில் நின்று நெடுநேரம் அடிப்போர் நிறைந்த இக்காலத்தில் அம்முறையைக் கைக்கொள்வோர் சிலரே.

தொழில்முறை ஆட்டத்தில் மூன்று படிகள் உண்டு. அடிப்படியில் சிறு பந்தயங்கள். அவற்றில் பரிசுப் பணம் பயணச் செலவுக்கும் போதாது. நடுப்படியில் 'சேலஞ்சர்' எனப்படும் பந்தயங்கள். மேற்படியில் உலகச் சுற்றுப் பந்தயங்களும் நான்கு பெரும் பந்தயங்களும். இராம்குமாரின் வாழ்வில் பெரும்பகுதி நடுப்படியில் கழிந்தது. இன்று ஒரு நாடு, அடுத்த வாரம் வேறொரு நாடு. விமானக் கட்டணம், தங்கும் விடுதி, பயிற்சியாளரின் ஊதியம் ஆகியவற்றைக் கணக்கிட்டுக்கொண்டே ஆடும் வாழ்க்கை அது. முதற் சுற்றில் தோற்றால் அவ்வாரத்தில் வரவைக் காட்டிலும் செலவு மிகும்.

2017-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் துருக்கி நாட்டின் அந்தாலியா நகரில் ஒரு பந்தயம். அப்போது இராம்குமாரின் இடம் 222. எதிரே நின்றவர் ஆஸ்திரிய நாட்டு டொமினிக் தீம்; அவர் இடம் 8. பின்னர் 2020-இல் அமெரிக்கப் பெரும் பந்தயத்தையே வென்ற வீரர் அவர். இராம்குமார் 6-3, 6-2 என்று நேர் செட்டுகளில் அவரை வென்றார். மறு ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், அமெரிக்காவின் நியூபோர்ட் நகரப் புல்தரையில், உலகச் சுற்றுப் பந்தயம் ஒன்றின் இறுதியாட்டத்தில் நின்றார். 2011-க்குப் பின் இந்தியர் எவரும் ஒற்றையர் ஆட்டத்தில் அவ்விடத்தை அடைந்ததில்லை. ஸ்டீவ் ஜான்சனிடம் மூன்று செட்டுகள் வரை போராடித் தோற்றார். இரண்டாம் இடத்திற்குரிய 150 புள்ளிகளுடன் அத்திங்களின் முடிவில் அவர் எட்டிய இடமே 111.

இங்கே ஒரு சிறு கணக்கு. பெரும் பந்தயத்தின் ஆடவர் ஒற்றையர் பிரிவில் 128 இடங்கள் உண்டு என்றோம். அவற்றுள் 104 இடங்கள் தரவரிசைப்படி நிரம்பும். 16 இடங்கள் தகுதிச் சுற்றில் வென்றோர்க்கு. எஞ்சிய 8 இடங்களைப் பந்தயம் நடத்துவோர் தம் விருப்பப்படி அளிப்பர். மேலே உள்ளவர் சிலர் விலகினால் 104-க்கு அடுத்தவர்க்கும் இடம் கிட்டும். ஆனால் அப்பட்டியல் பந்தயத்திற்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்னரே முடிவாகிவிடும். 2018-இல் அமெரிக்கப் பெரும் பந்தயம் ஆகஸ்டு 27-இல் தொடங்கிற்று. நியூபோர்ட் இறுதியாட்டம் நடைபெற்றபோது அந்த ஆறு வார எல்லை கடந்திருந்தது. 111 என்ற எண் வந்தது; ஆனால் வாயில் மூடிய பின் வந்தது. அவ்வாண்டு அப்பந்தயத்தின் முதற் சுற்றில் தோற்றவர்க்கே 54,000 டாலர் கொடுத்தனர் என்பதை எண்ணினால், 104-ஆம் இடத்திற்கும் 111-ஆம் இடத்திற்கும் உள்ள தொலைவு விளங்கும்.

மேற்கூறிய எட்டு இடங்களையும் கவனியுங்கள். 'வைல்ட் கார்டு' எனப்படும் அச்சிறப்பு அனுமதியைப் பாரிசில் வழங்குவது பிரெஞ்சு டென்னிஸ் சங்கம். அது பெரும்பாலும் தன் நாட்டினர்க்கே வழங்கும். அதுமட்டுமன்று, அமெரிக்க, ஆஸ்திரேலியச் சங்கங்களோடு ஓர் உடன்பாடும் செய்துகொண்டிருக்கிறது. உங்கள் நாட்டான் ஒருவனுக்கு நாங்கள் இடம் தருகிறோம். எங்கள் நாட்டான் ஒருவனுக்கு நீங்கள் இடம் தாருங்கள் என்பதே அதன் சாரம். ஆகவே, 150-ஆம் இடத்தில் இருக்கும் பிரெஞ்சு இளைஞனுக்கு ஆண்டில் ஒரு முறையேனும் அவ்வாயில் திறக்கலாம் என்ற நம்பிக்கை உண்டு. அதே இடத்தில் இருக்கும் தமிழ் இளைஞனுக்கு அந்நம்பிக்கை இல்லை. நம் நாட்டில் பெரும் பந்தயம் ஏதும் இல்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் நடந்த உலகச் சுற்றுப் பந்தயம் நம் இளைஞர் சிலர்க்குச் சிறிய அளவில் இவ்வுதவியைச் செய்து வந்தது. 2018 முதல் அதுவும் புனே நகருக்குச் சென்றுவிட்டது. எண் ஒன்றாயினும் வழி ஒன்றன்று. 1921-இல் நாம் வென்ற பிரான்சு, பின்னர் நமக்கு இல்லாத ஓர் ஏணியைக் கட்டிக்கொண்டது என்பதே இதன் பொருள்.

இராம்குமார் தகுதிச் சுற்று என்னும் குறுகிய வாயில் வழியே மீண்டும் மீண்டும் முயன்றார். 2022-ஆம் ஆண்டுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட முறை அவர் முயன்றும், ஒற்றையர் ஆட்டத்தில் முதன்மைச் சுற்றை ஒருமுறையேனும் அவரால் எட்ட இயலவில்லை. இதனை மறைப்பதால் பயனில்லை. வாய்ப்பின்மை மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறுவதும் நேர்மையாகாது. தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களை அடுத்தடுத்து வெல்வோர் இருக்கவே செய்கின்றனர். மகூ வென்றார் அன்றோ? ஒருநாள் உலகின் எட்டாம் வீரரை வெல்லும் ஆற்றல் வேறு. அவ்வாற்றலை வாரந்தோறும் வெளிப்படுத்தும் உறுதி வேறு. தரவரிசை இரண்டாவதையே அளக்கிறது. அவ்வளவில் அது பொய் சொல்வதில்லை.

ஆனால் அது சொல்லாதவையும் உண்டு. 2021 நவம்பரில், தொழில்முறை ஆட்டத்தில் இறங்கிப் பல்லாண்டு கழித்து, பஹ்ரைன் நாட்டின் மனாமா நகரில் இராம்குமார் தம் முதல் சேலஞ்சர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அதற்கு முன் அத்தகைய இறுதியாட்டங்கள் பலவற்றில் அவர் தோற்றிருந்தார். அப்போது வயது 27. இரண்டு திங்கள் கழித்து, ரோகன் போபண்ணாவுடன் இணைந்து அடிலெய்டு நகரில் உலகச் சுற்று இரட்டையர் பட்டத்தையும், அடுத்த திங்களில் புனேயில் இன்னொரு பட்டத்தையும் வென்றார். அவ்வாண்டே பாரிசுப் பெரும் பந்தயத்தில் இரட்டையர் பிரிவின் முதன்மைச் சுற்றில் ஆடினார். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் சாகேத் மைனேனியுடன் இணைந்து நாட்டுக்கு வெள்ளிப் பதக்கம் பெற்றுத் தந்தார். 2024 பிப்ரவரியில், 60 ஆண்டுகளுக்குப் பின் இந்திய டேவிஸ் கோப்பை அணி பாகிஸ்தான் மண்ணில் ஆடியபோது, இஸ்லாமாபாத்தில் முதல் ஆட்டத்தை ஆடி, முதற் செட்டை இழந்த பின்னும் வென்றவர் அவரே. டேவிஸ் கோப்பையில் ஆடுவோர்க்கு அவர்தம் தரவரிசை எண்ணைக் கேட்டு எதிரி இரங்குவதில்லை. நாடும் அதனைக் கேட்டு அழைப்பதை நிறுத்துவதில்லை. இருப்போரில் சிறந்தோர் செல்லவேண்டும். செல்பவர் தோளில்தான் நாட்டின் இடம் நிற்கிறது.

இவர் தனியர் அல்லர். கோயம்புத்தூரில் 1976-இல் பிறந்த நிருபமா வைத்தியநாதன், கிரிக்கெட் வீரராயிருந்த தம் தந்தையிடம் டென்னிஸ் பயின்றவர். 14 வயதிலேயே இந்தியப் பெண்கள் பட்டத்தை வென்றார். உலகத் தரவரிசையில் அவர் எட்டிய உயர்ந்த இடம் 134. ஆயினும், 1998-இல் ஆஸ்திரேலியப் பெரும் பந்தயத்தின் முதன்மைச் சுற்றில் இத்தாலிய வீராங்கனை ஒருவரை வென்று, 1968-க்குப் பிற்பட்ட காலத்தில் பெரும் பந்தயத்தின் ஒற்றையரில் வென்ற முதல் இந்தியப் பெண்மணி என்ற பெயரைப் பெற்றார். ஏழாண்டு கழித்து அதே ஆஸ்திரேலியாவில் சானியா மிர்சா மூன்றாம் சுற்றை எட்டியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அவ்வழியில் முதல் அடி வைத்தவர் 134-ஆம் இடத்துக்காரர். சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரனோ, முழங்காற் காயத்தால் இளமையில் பல ஆண்டுகளை இழந்தவர். 29 வயதில் 75-ஆம் இடத்தை அடைந்து, 2019-இல் நான்கு பெரும் பந்தயங்களின் முதன்மைச் சுற்றிலும் ஆடினார். நான்கிலும் முதற் சுற்றிலேயே தோற்றார். அத்தோல்விகளைச் சந்திக்கவே அவர் பத்தாண்டு உழைக்க வேண்டியிருந்தது.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவன இரண்டு. ஒரு துறையில் முதலிடம் பெற்றவரை மட்டும் கொண்டு அத்துறையை அளக்கலாகாது. உலகில் டென்னிஸ் ஆடுவோர் கோடிக்கணக்கினர். அவர்களுள் 111-ஆம் இடம் என்பது எட்டாத உயரம். அங்கே நின்றவரைத் தோற்றவர் என்று அழைப்போமாயின், நம் அளவுகோலில்தான் கோளாறு உள்ளது. இது முதலாவது. இரண்டாவது, எண்ணுக்குப் பின்னால் நிறுவனங்கள் உள்ளன. ஆட்டக்களம், பயிற்சியாளர், அருகிலேயே நடக்கும் பந்தயம், தோற்ற வாரத்திலும் அடுத்த வாரம் ஆட வழி செய்யும் சங்கம் ஆகியவை இருந்தால்தான் திறமை தொடர்ந்து வெளிப்படும்.

இன்று நாம் பேசிய தமிழ்நாட்டு ஆட்டக்காரருள் இராம்குமார், பிரஜ்னேஷ், நிருபமா மூவரும் சென்னை, கோவை என்னும் பெருநகரங்களில் வளர்ந்தவர்கள். மஞ்சக்குப்பத்திலோ அண்ணாமலை நகரிலோ படிக்கும் மாணவர் ஒருவரின் கையில் அதே திறமை இருக்கக்கூடாதா? இருக்கலாம். டென்னிஸ் களத்தின் நீளம் 23.77 மீட்டர், அகலம் ஒற்றையர் ஆட்டத்திற்கு 8.23 மீட்டர். அவ்வளவு நிலம் எந்த ஊரிலும் உண்டு. அந்நிலத்தைச் செப்பனிட்டு, வலை கட்டி, ஆண்டுக்கு ஒரு பந்தயமேனும் தவறாமல் நடத்தும் பொறுப்பை ஏற்பவர்களே வேண்டும். உங்களுள் சிலர் நாளை ஆட்டக்காரர் ஆகலாம், பெரும்பாலோர் ஆகமாட்டீர்கள். ஆசிரியராகவும் அதிகாரியாகவும் வணிகராகவும் ஆவீர்கள். அப்போது உங்கள் ஊரில் அந்தச் சிறிய களத்தை அமைத்துக் கொடுங்கள். ஏணியின் முதற் படி அங்கேதான் தொடங்குகிறது.